கடைமடைக்கும் மருந்து பாயணும்: ஒளி, ஒலி, புற்றுக்கட்டி

(மணிமங்கலத்தில் பொதுமக்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். பேச்சு நடை கூடுமானவரை அப்படியே விடப்பட்டுள்ளது.)



மணிமங்கலத்துக்கு வந்துட்டு ஏரியைப் பத்திப் பேசாம எப்படி ஆரம்பிக்கிறது? ஏரி நிறைஞ்சு கிடக்கு, மதகையும் திறந்தாச்சுன்னு வைங்க. தலைமடைக்காரர் வயல்ல முழங்கால் அளவு தண்ணி நிக்கும். கடைமடைக்காரர் மண்வெட்டியோட வாய்க்கால் கரையில உட்கார்ந்து, தண்ணி வருமா வருமான்னு பார்த்துக்கிட்டு இருப்பார். ஏரியில தண்ணி இல்லைன்னு யாரும் சொல்ல முடியாது. போக வேண்டிய இடத்துக்குப் போகலை, அவ்வளவுதான் பிரச்சினை.

புற்றுநோய் மருந்துக்கும் இதே கதிதான். புற்றணுவைக் கொல்லும் மருந்துகள் நம்மகிட்ட நிறைய இருக்கு. கண்ணாடித் தட்டுல புற்றணுவை வளர்த்து மேல ஊத்தினா செத்துப்போகும். உடம்புக்குள்ள ஊசி வழியா ஏத்தினா கதை மாறிடுது. கை நரம்புல ஏறும் மருந்து, ரத்தத்தோட சேர்ந்து உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரைக்கும் சுத்துது. முடியின் வேர், வாய், குடலின் உட்சவ்வு, எலும்பு மஜ்ஜைன்னு வேகமா வளரும் நல்ல அணுக்களையெல்லாம் அடிச்சுட்டுப் போகுது. முடி கொட்டுறதும், வாய்ப்புண்ணும், வாந்தியும், வெள்ளை அணு குறையுறதும் அதனாலதான். கட்டிக்குப் போய்ச் சேருவது மிச்சம் மீதி.

வீட்ல யாருக்காவது கீமோ கொடுத்திருந்தா "சிவப்பு ஊசி"ன்னு கேள்விப்பட்டிருப்பீங்க. டாக்சோரூபிசின் என்ற மருந்து. நிறமே சிவப்பு. அதைப் போட்டுக்கிட்டா ஒன்றிரண்டு நாள் சிறுநீர் சிவப்பாப் போகும், பயப்படாதீங்கன்னு நர்ஸ் முன்கூட்டியே சொல்லுவாங்க. நல்ல மருந்துதான். ஆனா அளவு கூடினா இதயத்தைப் பாதிக்கும். அதனால ஒருத்தருக்கு வாழ்நாள் முழுக்கச் சேர்த்து இவ்வளவுதான்னு ஒரு உச்சவரம்பு வச்சிருக்காங்க. கட்டி இன்னும் கொஞ்சம் மருந்து கேக்குது, இதயம் போதும்ங்குது. டாக்டர் நடுவுல நிக்கிறார்.

இதுக்கு ஒரு வழியா, மருந்தைச் சின்னஞ்சிறு கொழுப்புப் பைக்குள்ள அடைச்சு அனுப்பினாங்க. லிப்போசோம்னு பேர். டாக்சோரூபிசினை இப்படி அடைச்ச மருந்துக்கு 1995-ல அமெரிக்கா அனுமதி கொடுத்துச்சு. இதயத்துக்கு ஆபத்து குறைஞ்சது. ஆனா கட்டிக்கு எவ்வளவு போய்ச் சேருது? 2016-ல கனடாவின் டொரன்டோ பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள், அதுக்கு முந்தைய பத்து வருஷத்துல விலங்குகளில் நடந்த நானோ துகள் ஆய்வுகளையெல்லாம் தொகுத்துக் கணக்குப் போட்டாங்க. ஏத்தின துகள்ல கட்டியை அடைந்தது, இடைநிலை அளவுல, 0.7 சதவீதம். ஆயிரம் கிளம்பினா ஏழு! மீதியில பெரும்பங்கைக் கல்லீரலும் மண்ணீரலும் பிடிச்சு வச்சுக்குது.

காரணம் கட்டியின் அமைப்பு. அது அவசர அவசரமாத் தனக்கு ரத்தக்குழாய் போட்டுக்கும். பிளான் இல்லாம வளைஞ்சு நெளிஞ்சு, சில இடத்துல ஒழுகி, சில இடத்துல அடைச்சுக் கிடக்கும். ஒழுகின நீர் வடிய வழி இல்லாம உள்ளே அழுத்தம் ஏறியிருக்கும். அந்த அழுத்தமே உள்ள வரும் மருந்தை வெளியே தள்ளும். கணையப் புற்றுநோய் மாதிரி சிலதுல, நார் நாரா ஒரு வேலி வேற சுத்தி நிக்கும். மூளைக்கட்டின்னா இன்னும் மோசம். மூளையோட ரத்தக்குழாய்ச் சுவர் இயற்கையிலேயே ரொம்ப இறுக்கம், பெரும்பாலான மருந்தை உள்ளேயே விடாது. ஆக, கட்டியோட நடுப்பகுதிதான் கடைமடை. அங்க மடையைத் திறந்து விட ஒருத்தர் வேணும்.

அந்த வேலைக்குத்தான் ஒளியையும் ஒலியையும் கூப்பிட்டிருக்காங்க. இந்த ரெண்டு வார்த்தையையும் சேர்த்துச் சொன்னா, இங்க இருக்கிற அம்மா அப்பாக்களுக்கு வெள்ளிக்கிழமை ராத்திரி தூர்தர்ஷன் பாட்டுதான் ஞாபகம் வரும். இது அது இல்லை. பேரு மட்டும் பொருத்தமா அமைஞ்சுபோச்சு.

உண்மையில் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் ஷிஃப்டுக்குப் போற உங்களுக்கு நான் இதை விளக்கணும்னே இல்லை. லேசர் வச்சுத் தகடு வெட்டுறதும், உதிரிபாகத்து மேல நம்பர் பொறிக்கிறதும் கார் கம்பெனிகள்ல நடக்கிற வேலை. வெல்டிங்குக்குள்ள விரிசல் இருக்கான்னு பார்க்க, மேல பசை மாதிரி ஒண்ணைத் தடவி ஒரு கருவியை வச்சுத் தேய்ப்பாங்க. அதுதான் மீயொலிச் சோதனை, அல்ட்ராசானிக் டெஸ்ட். ஸ்கேன் சென்டர்ல வயித்து மேல ஜெல்லைத் தடவி எடுக்கிறாங்களே, அதுவும் இதே சங்கதிதான். ஜெல் எதுக்குன்னா, நடுவுல காத்து இருந்தா ஒலி உள்ள போகாமத் திரும்பிடும். இரும்பானா என்ன, ஈரல் ஆனா என்ன, ஒலிக்கு ஒரே விதி.

முதல்ல ஒளியைப் பார்ப்போம். உங்க கையில இருக்கிற போனை எடுங்க. டார்ச்சைப் போட்டு, அது மேல ஒரு விரலை அழுத்தி வைங்க. விரல் சிவப்பா ஒளிருதா? டார்ச் வெளிச்சம் வெள்ளை. விரல் வழியா வந்தது சிவப்பு. நீலத்தையும் பச்சையையும் ரத்தம் குடிச்சுடுச்சு, சிவப்பை மட்டும் விட்டுச்சு. சிவப்புக்கு அடுத்து, கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பு ஒளி இன்னும் கொஞ்சம் ஆழம் போகும். கொரோனா நேரத்துல விரல்ல மாட்டின ஆக்சிஜன் மானி வேலை செஞ்சது இந்த ரெண்டு ஒளியை வச்சுத்தான். உடம்புக்குள்ள ஒளி போக ஒரு சந்து இருக்கு, ஆனா அது குறுகலான சந்து. சில மில்லிமீட்டர், மிஞ்சினா சில சென்டிமீட்டர். அதுவும் நேராப் போகாது, பால்ல பட்ட வெளிச்சம் மாதிரி சிதறிடும்.

ஒளியால மருந்தை எழுப்ப முடியும்னு கண்டது புதுசு இல்லை. ஜெர்மனியின் மியூனிக்ல ஆஸ்கர் ராப் என்ற மருத்துவ மாணவர், நுண்ணுயிர் மேல ஒரு சாயத்தை விட்டுப் பார்த்தார். ஒரே சாயம், ஒரே அளவு. ஆனா வெளிச்சம் பட்டப்போ உயிர்கள் செத்துச்சு, இருட்டுல பிழைச்சுச்சு. 1900-ல அந்த ஆய்வு வெளிவந்தது. அங்கிருந்து, ஊசியாப் போட்டா சும்மா கிடந்து, சிவப்பு லேசர் பட்ட இடத்துல மட்டும் நஞ்சாகும் மருந்து வர 93 வருஷம் ஆச்சு. போர்ஃபிமர் என்ற அந்த மருந்துக்கு 1993-ல கனடா, சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்காக அனுமதி கொடுத்தது. 1995-ல அமெரிக்கா கொடுத்த அனுமதி உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்கு. கட்டி அடைச்சுச் சோறு தண்ணி இறங்காதவங்களுக்கு, வாய் வழியா ஒரு குழாயை விட்டு, அதன் நுனியிலிருந்து ஒளியைப் பாய்ச்சி வழி திறக்கிறாங்க.

உணவுக்குழாய்ப் புற்றுநோய்னு சொல்லும்போது, நம்ம காஞ்சிபுரம் மண்ணுல ஒரு பேரைச் சொல்லாமப் போக முடியாது. பேரறிஞர் அண்ணாவைக் கொண்டுபோனது அந்த நோய்தான். 1968 செப்டம்பர்ல நியூயார்க் போய் அறுவை சிகிச்சை செஞ்சுக்கிட்டு வந்தார். 1969 பிப்ரவரி 3-ம் தேதி அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில காலமானார். அன்னிக்கு உலகத்தின் மிகச் சிறந்த மருத்துவமனையிலயும் இந்த ஒளி மருந்து கிடையாது. இருந்திருந்தா பிழைச்சிருப்பார்னு நான் சொல்லலை. சொல்லவும் கூடாது. இந்தச் சிகிச்சை பெரும்பாலும் அடைப்பை நீக்கி நிம்மதி தருவதுக்குத்தான். காஞ்சிபுரம் காரைப்பேட்டையில் அவர் பெயரில் இருக்கிற அரசு புற்றுநோய் மருத்துவமனையைத் தாண்டிப் போகும்போது இதை நினைச்சுக்கலாம்.

இந்த மருந்துல ஒரு தொல்லை உண்டு. ஊசி போட்டபிறகு குறைந்தது ஒரு மாசம் வெயில் படக்கூடாது. பட்டா தோல் வெந்துபோகும். சித்திரை மாசத்துல மணிமங்கலத்துல ஒரு மாசம் வெயில் படாம இருங்கன்னா, எப்படி இருப்பீங்க? வெளிநாட்டுல வேலை செஞ்ச ஒரு வைத்தியம் நம்ம ஊருக்கு அப்படியே பொருந்திடாதுங்கிறதுக்கு இதை விட நல்ல உதாரணம் எனக்குத் தெரியலை.

அடுத்த தலைமுறை ஒளி மருந்து இன்னும் சாமர்த்தியமானது. 2014-ல அமெரிக்காவின் பஃபலோ பல்கலைக்கழகத்துல ஜோனதன் லவல் குழு ஒரு லிப்போசோம் செஞ்சாங்க. கொழுப்புப் பையோட சுவர்ல போர்ஃபிரின் என்ற பொருளைக் கோத்தாங்க. ரத்தத்துக்குச் சிவப்பைத் தர்ற ஹீமும், இலைக்குப் பச்சையைத் தர்ற குளோரோஃபிலும் அதன் சொந்தக்காரங்க. எல்லாமே ஒளியைப் பிடிக்கிற குடும்பம். அண்மை அகச்சிவப்பு ஒளி பட்டதும் பையின் சுவர் விட்டுக்கொடுக்குது, மருந்து வெளியே வருது. எலிகள்ல இது நடந்தது. நல்லா கவனிங்க, எலிகள்ல.

இப்போ ஒலி. இங்கதான் மனுஷங்ககிட்டயே சோதிச்ச விஷயங்கள் இருக்கு, அதனால இதைக் கொஞ்சம் நிதானமாச் சொல்றேன்.

நம்ம காதுக்கு ஒரு விநாடிக்கு 20 அதிர்விலிருந்து 20,000 அதிர்வு வரைக்கும் கேட்கும். ஸ்கேன் கருவியோட ஒலி விநாடிக்குப் பல லட்சம், கோடி அதிர்வு. ஒளி மாதிரி மேல்தோலோட நின்னுடாம இது வயிறு, ஈரல்னு ஆழமாப் போகும். இன்னொரு வசதியும் உண்டு. பூதக்கண்ணாடி வெயிலை ஒரு புள்ளியில குவிச்சுப் பேப்பரைப் பொசுக்குது இல்லையா? அதே மாதிரி ஒலியையும் உடம்புக்குள்ள ஓர் அரிசி மணி அளவு இடத்துல குவிக்கலாம். வழியில இருக்கிற தோலுக்கு ஒண்ணும் ஆகாது, குவிஞ்ச இடம் மட்டும் சூடாகும். ரொம்ப அதிகமாக் குவிச்சா அந்த இடம் வெந்து அழியும். கருப்பை நார்க்கட்டிக்கு இப்படி ஒலியால சுடும் முறைக்கு அமெரிக்காவுல 2004-லேயே அனுமதி கிடைச்சாச்சு. அது வேற, மருந்தைச் சேர்க்கிறது வேற. விளம்பரங்கள்ல ரெண்டையும் குழப்பி எழுதுறாங்க, அதனாலதான் பிரிச்சுச் சொல்றேன்.

மருந்தைச் சேர்க்க மெல்லிய சூடு போதும். இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டுல, சுமார் 40 டிகிரி சூட்டுல உருகித் திறக்கும் கொழுப்புப் பைக்குள்ள அந்தச் "சிவப்பு" டாக்சோரூபிசினை அடைச்சாங்க. கல்லீரல்ல கட்டி இருந்த 10 பேருக்கு ஏத்தினாங்க. உடம்பைக் கிழிக்காம, வெளியிலிருந்தே ஒலியைக் குவிச்சு, ஒரு கட்டியை மட்டும் சூடாக்கினாங்க. ஒலி கொடுக்கிறதுக்கு முன்னாடியும் பின்னாடியும் கட்டியிலிருந்து ஊசியால சதை எடுத்து மருந்தை அளந்தாங்க. சராசரியா 3.7 மடங்கு கூடியிருந்துச்சு. ஏத்தின மருந்து அதே அளவுதான். மடையை மட்டும் திறந்தாங்க. 2018-ல முடிவு வெளியாச்சு.

மூளைக்கு இன்னொரு வழி. ரத்தத்தோட நுண்குமிழிகளை விடுறாங்க. ஒவ்வொண்ணும் ஒரு மில்லிமீட்டர்ல ஆயிரத்துல சில பங்குதான், சிவப்பணு போற சந்துலயும் போகும். இதயத்தை எக்கோ எடுக்கும்போது படம் தெளிவாத் தெரியறதுக்காக ஏற்கெனவே பயன்படுத்துற குமிழிகள்தான். ஒலி படும்போது இவை விநாடிக்கு லட்சக்கணக்கான தடவை விரிஞ்சு சுருங்கும். குழாயின் சுவரை உள்ளிருந்து பிசைஞ்சு விடுற மாதிரி. இறுக்கமான சுவர்ல தற்காலிகமா இடுக்கு விழும், மருந்து நுழையும், சில மணி நேரத்துல மறுபடி மூடிக்கும். 2001-ல முயல்கள்ல இது முடியும்னு காட்டினாங்க. 2015 நவம்பர்ல டொரன்டோவின் சன்னிபுரூக் மருத்துவமனையில, மூளைக்கட்டி இருந்த ஒருத்தருக்கு மண்டை ஓட்டைத் திறக்காமலே இப்படி மருந்து செலுத்தினாங்க. மனிதர்கள்ல அதுதான் முதல் தடவைன்னு அறிவிச்சாங்க.

நார்வேயின் பெர்கன்ல கணையப் புற்றுநோய்க்காரர்கள் 10 பேர். வழக்கமான கீமோ மருந்து, கூடவே குமிழி, கூடவே சாதாரண ஸ்கேன் கருவியை வச்சே கொடுத்த ஒலி. முன்னால அதே ஆஸ்பத்திரியில மருந்து மட்டும் எடுத்தவங்க இடைநிலையா 8.9 மாசம் வாழ்ந்திருந்தாங்க. இவங்க 17.6 மாசம். 2016-ல வெளியான கணக்கு. ஏறத்தாழ ரெண்டு மடங்கு. கணையப் புற்றுநோயைப் பார்த்த குடும்பத்துக்கு அந்த எட்டு மாசத்தோட மதிப்பு தெரியும்.

இந்த இடத்துல ஃபார்வர்டு வீடியோவை நிறுத்திடுவாங்க. நான் நிறுத்தப் போறது இல்லை.

பத்துப் பேர் என்பது பத்துப் பேர்தான். பழைய நோயாளிகளோட ஒப்பிட்ட கணக்கு, குலுக்கல் முறையில ரெண்டு குழுவாப் பிரிச்சுப் பார்த்த கணக்கு ஆகாது. சூட்டுல திறக்கும் அதே வகை மருந்துக்கு ஒரு பெரிய சோதனை நடந்துச்சு. கல்லீரல் புற்றுநோய் இருந்த 701 பேர். அங்க சூடு கொடுத்தது ஒலி இல்லை, கட்டிக்குள்ள குத்திய ஊசி வழியா ரேடியோ அலை. 2013 ஜனவரியில முடிவு வந்தப்போ, எதிர்பார்த்த பலன் கிடைக்கலைன்னு அந்த நிறுவனமே அறிவிச்சுது. கட்டிக்குள்ள மருந்து கூடுறது ஒரு விஷயம். அதனால ஒருத்தர் கூடுதல் நாள் வாழ்வது இன்னொரு விஷயம். ரெண்டாவதை நிரூபிக்கத்தான் நூற்றுக்கணக்கானவங்களும், பல வருஷமும் வேணும்.

ஒளியும் ஒலியும் கூட்டுச் சேர்ந்தா என்ன ஆகும்? மத்தியான வெயில்ல தகரக் கூரை "டிக் டிக்"னு சத்தம் போடும், கேட்டிருப்பீங்க. ஒளி சூடாகி, சூட்டுல தகரம் விரிஞ்சு, விரியும்போது சத்தம். 1880-ல, டெலிபோன் கண்டுபிடிச்ச அலெக்சாண்டர் கிரகாம் பெல், வெயிலை விட்டு விட்டுப் பாய்ச்சினா பொருட்கள் ஒலி எழுப்புறதைக் கவனிச்சார். இன்னிக்கு அதையே உடம்புல செய்யுறாங்க. லேசரை ஒரு விநாடியின் நூறு கோடியில சில பங்கு நேரம் மட்டும் பளிச்சுனு காட்டினா, ரத்தமும் மருந்துத் துகளும் அந்த ஒளியை உறிஞ்சி, துளி சூடாகி, மீயொலியை எழுப்பும். அதைத் தோல் மேல வச்ச கருவி கேட்டுப் படமா மாத்தும். ஒளி உள்ள போகுது, ஒலி வெளியே வருது. ஒளி வெளியே வரும்போது சிதறிப்போற மாதிரி ஒலி சிதறாது, அதனால படம் தெளிவா இருக்கும். கட்டியில ரத்தக்குழாய் எங்க இருக்கு, மருந்து எங்க வரைக்கும் வந்திருக்குன்னு பார்த்துட்டு, அப்புறம் மடையைத் திறக்கலாம்.

ஒளி-ஒலி உறவுல நம்மவர் பங்கு சின்னது இல்லை. திருச்சியில பிறந்த சர் சி.வி. ராமன், பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துல இருந்தப்போ, நாகேந்திர நாத்தோட சேர்ந்து 1935, 36-ல ஒரு கோட்பாட்டை எழுதினார். மீயொலி ஓடுற திரவத்துக்குள்ள ஒளி போனா எப்படிப் பிரியும்ங்கிறது அது. ராமன்-நாத் என்ற பேர்ல இன்னிக்கும் பாடப்புத்தகத்துல இருக்கு. அதே கழகத்துல 2023-ல ஒரு குழு, தங்கத்தையும் காப்பர் சல்ஃபைடையும் சேர்த்து 8 நானோமீட்டருக்கும் குறைவான துகளைச் செஞ்சதா அறிவிச்சாங்க. ஒளி பட்டா அது சூடாகிப் புற்றணுவைக் கொல்லும். அதே ஒளியால ஒலியும் எழுப்பிக் கட்டி இருக்கிற இடத்தையும் காட்டும். நுரையீரல், கருப்பைவாய்ப் புற்றணுக்கள்ல ஆய்வகத்துல சோதிச்சிருக்காங்க. நம்ம ஊர்லருந்து ராத்திரி பஸ் ஏறினா காலையில இறங்குற தூரத்துல நடக்கிற வேலை. ஆனா ஆய்வகத் தட்டுலருந்து ஆஸ்பத்திரிக் கட்டில் வரைக்கும் உள்ள தூரம் அதை விட ரொம்ப நீளம்.

சரி, இதை ஏன் ஒரு மக்கள் சேவை இதழுக்காக உங்ககிட்ட சொல்லிட்டு இருக்கேன்? நான் டாக்டர் இல்லை, ஜர்னலிசம் படிச்சவங்க கூட்டம். எங்க கவலை தகவல்தான். "கீமோ வேண்டாம், முடி கொட்டாது, லேசரும் ஒலி அலையும் போதும்"னு உங்க குடும்ப குரூப்புல ஒரு வீடியோ வரும். மேல சொன்ன ஆக்ஸ்ஃபோர்டு, டொரன்டோ பேரெல்லாம் அதுல நிஜமாவே இருக்கும். அதனாலதான் நம்பத் தோணும். ஆனா அந்த ஆய்வுகள்ல ஒண்ணுலகூட மருந்தைக் கைவிடலை. ஒளியும் ஒலியும் மடையைத் திறக்கிற ஆள்தான். பாயும் தண்ணி கீமோ மருந்துதான். மருந்தே வேண்டாம்னு ஒருத்தர் சொன்னா, அவர் பேசுறது இந்த அறிவியலைப் பத்தி இல்லை. அவரை நம்பி ரெண்டு மூணு மாசம் தள்ளிப்போட்டா, அறுவை சிகிச்சையில எடுக்கக்கூடிய கட்டி எடுக்க முடியாததா ஆகிடலாம். போன காசைக் கடன் வாங்கி அடைச்சிடலாம், போன மாசத்தை யார்கிட்ட வாங்குறது?

சரிபார்க்க உங்க போனே போதும். மனிதர்களிடம் நடக்கும் மருந்துச் சோதனைகளைப் பதிவு செய்ய 2007 ஜூலையில ஐ.சி.எம்.ஆர். ஒரு பதிவேடு தொடங்கியது. பேரு கிளினிக்கல் ட்ரையல்ஸ் ரெஜிஸ்ட்ரி இந்தியா, சுருக்கமா சி.டி.ஆர்.ஐ. 2009 ஜூன் 15-லிருந்து பதிவு கட்டாயம். யாரும் இலவசமாத் தேடலாம். "இது புது ட்ரையல்"னு உங்ககிட்ட ஒருத்தர் சொன்னா, பதிவு எண்ணைக் கேளுங்க. சி.டி.ஆர்.ஐ.னு தொடங்கி, வருஷம், மாசம், அப்புறம் எண்ணுன்னு வரும். அதைப் போட்டுப் பார்த்தா எந்த ஆஸ்பத்திரி, நெறிமுறைக் குழு ஒப்புதல் கிடைச்சுதா, இன்னும் ஆள் சேர்க்கிறாங்களா எல்லாம் தெரியும். எண் இல்லைன்னா எழுந்து வந்துடுங்க. எண் இருக்குன்னா சோதனை நடக்குதுன்னு மட்டும்தான் அர்த்தம், பலன் நிரூபிச்சாச்சுன்னு அர்த்தம் இல்லை.

காசு இன்னொரு அடையாளம். ஆய்வுல சேர்றதுக்காக உங்ககிட்ட கூடுதல் பணம் வாங்கக் கூடாதுங்கிறது ஐ.சி.எம்.ஆர். நெறிமுறை. ஒப்புதல் படிவம் உங்களுக்குப் புரியும் மொழியில இருக்கணும். எப்போ வேணும்னாலும் விலகிக்கலாம். ஆய்வால பாதிப்பு வந்தா இலவச சிகிச்சையும் இழப்பீடும் 2019-ம் ஆண்டின் புதிய மருந்துகள், மருத்துவ ஆய்வு விதிகள்ல இருக்கு. "ட்ரையல்தான், ஆனா மூணு லட்சம் கட்டுங்க"ன்னா அது ட்ரையல் இல்லை. புற்றுநோயைக் குணப்படுத்துறோம்னு மருந்துக்கு விளம்பரம் கொடுப்பதே, 1954-ம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மந்திரத் தீர்வுகள் சட்டப்படி குற்றம். அந்தச் சட்டத்தின் அட்டவணையில புற்றுநோய் பேரே இருக்கு.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துடுறேன். "கரண்ட் வைக்கிறாங்க"ன்னு நாம சொல்ற கதிரியக்க சிகிச்சை, நான் இவ்வளவு நேரம் சொன்ன ஒளி, ஒலி இல்லை. அதுல கரண்டும் இல்லை. அது அதிக ஆற்றல் கொண்ட கதிர், பல பத்தாண்டு அனுபவம் உள்ள, நிரூபணமான சிகிச்சை. டாக்டர் "கரண்ட்" எழுதிக் கொடுத்தா, "ஒலி அலை வந்துடுச்சாமே, அதைப் பார்த்துக்கலாம்"னு ஒத்திப்போடாதீங்க.

இன்னிக்குக் கிடைக்கிற சிகிச்சைக்கு வழி என்னன்னா, ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள்ள இருக்கிற குடும்பத்துக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துல வருஷத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. அறுவை சிகிச்சை, கீமோ, கதிரியக்கம் எல்லாம் அதுல அடங்கும். அட்டை இல்லைன்னா வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதாரோட மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துல இருக்கிற காப்பீட்டு மையத்துக்குப் போங்க. வருமானச் சான்றுக்கு இ-சேவை மையத்துல விண்ணப்பிக்கலாம். சந்தேகம்னா 1800 425 3993-க்குக் கூப்பிடுங்க, கட்டணம் இல்லை.

கம்பெனியில வேலை பார்த்து மாசம் 21,000 ரூபாய் வரை வாங்குறவங்களுக்கு இ.எஸ்.ஐ. இருக்கு. அட்டையைத் தொலைச்சுட்டு, ஐ.பி. நம்பரும் தெரியாம இருக்கிற தம்பிங்க நிறைய பேர், இன்னிக்கே ஹெச்.ஆர்.கிட்ட கேட்டு போன்ல சேமிச்சு வைங்க. பலருக்குத் தெரியாத ஒண்ணு: புற்றுநோய் உட்பட 34 நீண்டகால நோய்களுக்கு நீட்டிக்கப்பட்ட உடல்நலக்குறைவு உதவின்னு ஒண்ணு உண்டு. வேலைக்குப் போக முடியாத காலத்துக்கு, சம்பளத்துல 80 சதவீதம், ரெண்டு வருஷம் வரைக்கும். ரெண்டு வருஷம் தொடர்ச்சியா வேலையில இருந்திருக்கணும், அதுல 156 நாளாவது சந்தா கட்டியிருக்கணும். கான்ட்ராக்ட்ல இருக்கிறவங்க சந்தா உண்மையிலேயே கட்டப்படுதான்னு அப்பப்போ பார்த்துக்கணும். கீமோ முடியட்டும்னு வேலையை ராஜினாமா பண்றதுக்கு முன்னாடி இதைக் கேளுங்க. ராஜினாமா பண்ணிட்டு அப்புறமாக் கேட்டா சிக்கல்.

கடைசியா, இந்தத் தலைப்புல எங்க பேசினாலும் ஒரு கேள்வி வரும். "ஒலியால கட்டியில மருந்து ஏறும்னா, ஸ்கேன் சென்டர்ல நாலு தடவை வயித்து ஸ்கேன் எடுத்துக்கிட்டா நல்லதா?" இல்லை. பெர்கன்ல சாதாரணக் கருவியைப் பயன்படுத்தினதா சொன்னேன். அங்க ரத்தத்துல குமிழி விட்டாங்க, கருவியோட அமைப்பை மாத்தினாங்க, மருந்து ஏறின அதே நேரத்துல, கட்டி இருந்த இடத்தை மட்டும் பார்த்து ஒலி கொடுத்தாங்க. குமிழி இல்லாத ஸ்கேன் படம் எடுக்கும், அதோட சரி. ஸ்கேனுக்குக் கொடுக்கிற காசை, காரைப்பேட்டைக்குப் போய்வர பஸ்ஸுக்கு வச்சுக்கோங்க.